கிஃப்ட் சிரோமணி

கிஃப்ட் சிரோமணி (1932 – 1988) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளரும் புள்ளியியல் பேராசிரியரும் ஆவார். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றினார். கணினியியலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்றான முறைசார் மொழிக் கோட்பாட்டை, ஒரே வரியில் எழுதப்படும் சரங்களிலிருந்து நீளமும் அகலமும் கொண்ட படங்களுக்கு விரிவாக்கியவர்களுள் இவர் முக்கியமானவர். தமிழகத்து வீட்டு வாசல்களில் இடப்படும் கோலங்களைக் கணித ஆய்வுக்கு உட்படுத்தியமைக்காகவே இவர் பெயர் உலக அளவில் பெரிதும் அறியப்படுகிறது. தமிழ் உரைநடை, கருநாடக இசை, பல்லவர் சிற்பங்கள், பழந்தமிழ் எழுத்துகள் ஆகியவை பற்றியும் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியுள்ளார்.

கல்லூரிப் பணி

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1837 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, நூறாண்டுகள் சென்னை நகரின் நடுவே இயங்கியது. 1937 இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. புதர்க்காடும் மான்களும் பறவைகளும் நிறைந்த அந்த வளாகத்தில்தான் சிரோமணியின் பணிக்காலம் கழிந்தது. முதலில் கணிதத் துறையில் பணியாற்றிய அவர், பின்னர் புள்ளியியல் துறையின் தலைவரானார். அவரது துணைவியார் ராணி சிரோமணியும் அதே கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இந்தியாவில் கோட்பாட்டுக் கணினியியலை வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர். இவர்களுடன் கமலா கிருத்திவாசன் இணைந்து எழுதிய கட்டுரைகளே 1970களின் தொடக்கத்தில் வெளிவந்து பெயர்பெற்றவை. கமலா கிருத்திவாசன் பின்னர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். இம்மூவருள் இருவர் பெண்கள் என்பதும் கோலம் அக்காலத்தில் பெரும்பாலும் பெண்களின் கைவேலையாகவே இருந்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கன.

ஆய்வகமோ பெரும் பொருட்செலவோ வேண்டாத துறை இது. தாளும் எழுதுகோலும் போதும். வெளிநாட்டு ஆய்விதழ்களில் இடம்பெறத் தக்க கோட்பாட்டுப் பணி தாம்பரத்தில் ஓர் கலை அறிவியல் கல்லூரியில் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தமிழ் உரைநடையின் தகவல் அளவு

சிரோமணியின் தொடக்ககால ஆய்வுகள் தகவல் கோட்பாட்டைச் சார்ந்தவை. ஒரு மொழியில் அடுத்து வரும் எழுத்து எது என்பது எவ்வளவு ஐயத்துக்குரியது என்பதை அளவிடும் முறையை அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் சானன் 1948 இல் வகுத்தார். அந்த அளவுக்கு என்ட்ரோபி என்று பெயர். ஆங்கிலத்துக்குச் சானன் கண்ட இவ்வளவைத் தமிழ் உரைநடைக்குக் கணித்து 1963 இல் சிரோமணி ஒரு கட்டுரை வெளியிட்டார்.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை எண்ணினால் போதும். தமிழிலோ எது ஓர் எழுத்து என்ற கேள்வியே முதலில் எழுகிறது. இலக்கணப்படி உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எனத் தமிழுக்கு 247 எழுத்துகள். அச்சுக்கோப்பவருக்கோ 'கோ' என்பது மூன்று குறிகளின் சேர்க்கை. எந்த அலகைக் கொண்டு எண்ணுகிறோமோ அதற்கேற்ப விடையும் மாறும். தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்த பிற்காலத்தவரும் இதே சிக்கலை வேறு வடிவில் எதிர்கொண்டனர்.

அடுத்த ஆண்டில், 1964 இல், கே. ஆர். இராஜகோபாலனுடன் இணைந்து கருநாடக இசையின் நடையைத் தகவல் அளவால் ஆராயும் கட்டுரையை வெளியிட்டார். எழுத்தாயினும் சுரமாயினும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் குறிகளின் வரிசை என்ற ஒரே நோக்கில் அவற்றை அணுகியமை இக்கட்டுரைகளில் தெளிவாகத் தெரிகிறது. குறிகளின் வரிசையிலிருந்து குறிகளின் பரப்புக்குச் செல்வதே அவரது அடுத்த பத்தாண்டுப் பணியாக அமைந்தது.

ஒழுங்கு மொழிகள்: ஒரு முன்விளக்கம்

சிரோமணியின் முதன்மைப் பணியைப் புரிந்துகொள்ள ஒழுங்கு மொழி என்னும் கருத்தை அறிந்திருத்தல் வேண்டும். பொறியியல் மாணவர்கள் இதை ரெகுலர் லாங்குவேஜ் என்றும், அதை விவரிக்கும் குறியீட்டை ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்றும் தம் பாடநூல்களில் படித்திருப்பர். இங்கு மொழி என்பது பேச்சுமொழியைக் குறிப்பதன்று. குறிப்பிட்ட சில எழுத்துகளைக் கொண்டு எழுதப்படும் சரங்களின் தொகுதியே மொழி எனப்படுகிறது.

அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளேனி, நரம்பு வலைகளின் நடத்தையை விவரிக்கும்போது இத்தகைய மொழிகளை வரையறுத்தார்; அவரது கட்டுரை 1956 இல் அச்சேறியது. அதே ஆண்டில் நோம் சாம்ஸ்கி மொழி இலக்கணங்களைப் படிநிலைகளாக வகைப்படுத்தும் கட்டுரையை வெளியிட்டார். அப்படிநிலைகளில் கடைசிப் படியில் இருப்பவை ஒழுங்கு மொழிகள். அதற்கு மேற்படியில் இருப்பவை சூழல்சாரா மொழிகள்.

ஒழுங்கு மொழியை அடையாளம் காண ஒரு எளிய வழி உண்டு. ஒரு சரத்தை இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை படித்துக்கொண்டு செல்கிறோம். திரும்பிப் பார்க்கக் கூடாது. தாளில் குறித்து வைக்கவும் கூடாது. மனத்தில் வைத்திருக்கக் கூடிய நிலைகளின் எண்ணிக்கை முன்னரே வரையறுக்கப்பட்டுவிடும். இவ்வளவு கட்டுப்பாட்டுடனும் சரம் மொழியைச் சேர்ந்ததா இல்லையா என்று கூற இயலுமானால் அது ஒழுங்கு மொழி.

எடுத்துக்காட்டாக, முதலில் 'அ' எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், அதன்பின் 'ஆ' எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம் என்பது விதியாயின், அது ஒழுங்கு மொழியே. 'ஆ' வந்தபின் மீண்டும் 'அ' வந்துவிட்டதா என்பதை மட்டும் கவனித்தால் போதும். ஆனால் 'அ' எத்தனை முறை வந்ததோ அத்தனை முறையே 'ஆ' வரவேண்டும் என்று விதியை மாற்றினால் நிலைமை மாறிவிடுகிறது. வந்த 'அ'க்களை எண்ணி நினைவில் வைக்க வேண்டும். எண்ணிக்கைக்கு வரம்பில்லை, நினைவுக்கோ வரம்புண்டு. ஆகவே இது ஒழுங்கு மொழி அன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி நிறுவுவது கணினியியல் மாணவர்களுக்கு இன்றளவும் வீட்டுப் பாடமாகக் கொடுக்கப்படும் பயிற்சியாகும். பலர் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் பகுதியும் இதுவே.

அணி இலக்கணம்

படங்களை இலக்கண விதிகளால் விவரிக்கும் முயற்சி 1960களில் தொடங்கியது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆர். நரசிம்மன் இதில் முன்னோடிகளுள் ஒருவர். அமெரிக்காவில் அஸ்ரியேல் ரோசன்பெல்டும் இத்துறையில் உழைத்தார். சிரோமணி இணையரும் கமலா கிருத்திவாசனும் 1972 இல் வெளியிட்ட கட்டுரை, படங்களை உருவாக்கும் புதிய இலக்கணம் ஒன்றை முன்வைத்தது. கணினி வரைகலைக்கும் படச் செயலாக்கத்துக்குமாக அவ்வாண்டில் தொடங்கிய ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே அது வெளிவந்தது. இவ்விலக்கணம் இன்று சிரோமணி அணி இலக்கணம் என்று அழைக்கப்படுகிறது. கணிதத்தில் அணி என்பது எண்களையோ குறிகளையோ நிரை, நிரல் எனக் கட்டங்களாக அடுக்கியதைக் குறிக்கும்.

இதன் செயல்முறை இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில் கிடையாக ஒரு சரம் உருவாக்கப்படும். இரண்டாம் கட்டத்தில் அச்சரத்தின் ஒவ்வோர் எழுத்திலிருந்தும் ஒரு நிரல் கீழ்நோக்கி வளரும். எல்லா நிரல்களும் ஒரே அடியில் ஒரு கட்டம் இறங்கும். நிற்கும்போதும் எல்லாம் ஒன்றாகவே நிற்கும். எனவே கிடைக்கும் படம் எப்போதும் செவ்வகமாக இருக்கும். கீழ்நோக்கிய வளர்ச்சிக்கு ஒழுங்கு விதிகள் மட்டுமே அனுமதிக்கப்படும். கிடைச்சரம் ஒழுங்கு மொழியாகவோ அதற்கு மேற்பட்ட படியைச் சேர்ந்ததாகவோ இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 'ம' என்ற எழுத்து முதலில் ஒரு பெருக்கல் குறியையும் அதன்கீழ் புள்ளிகளையும் இடும் என்க. 'ந' என்ற எழுத்து மேலிருந்து கீழ்வரை பெருக்கல் குறிகளையே இடும் என்க. 'ம ம ந ம ம' என்ற சரத்தில் தொடங்கி நான்கு கட்டங்கள் இறங்கினால் கிடைப்பது பின்வரும் படம்.

× × × × ×
· · × · ·
· · × · ·
· · × · ·

தண்டு எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் எனில், கிடைச்சரத்தில் ஒரே ஒரு 'ந' இருந்தால் போதும். அது ஒழுங்கு மொழியே. தண்டு சரியாக நடுவில் நிற்க வேண்டும் எனில், இடப்புறத்து 'ம'க்களும் வலப்புறத்து 'ம'க்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அதாவது மேலே கண்ட சம எண்ணிக்கைச் சிக்கல் மீண்டும் தோன்றுகிறது. சமச்சீர் என்று நாம் கண்ணால் எளிதில் உணரும் பண்பு, இலக்கணப் படிநிலையில் ஒரு படி ஏறினால்தான் கிட்டுகிறது. மாறாக, கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் சதுரங்கப் பலகைப் பின்னல் எவ்வளவு பெரியதாயினும் ஒழுங்கு விதிகளுக்குள் அடங்கிவிடும். பார்வைக்குச் சிக்கலாகத் தோன்றுவதும் விதியளவில் சிக்கலாக இருப்பதும் வேறுவேறு என்பதை இவ்விலக்கணம் தெளிவாகக் காட்டியது.

இதற்கு ஒரு குறைபாடும் உண்டு. கிடைவளர்ச்சியும் நெடுவளர்ச்சியும் தனித்தனிக் கட்டங்கள் ஆதலால் ஒன்று மற்றொன்றை அறியாது. அகலம் எவ்வளவோ அவ்வளவே உயரம் என்ற கட்டுப்பாட்டை, எடுத்துக்காட்டாக மிகச் சரியான சதுரத்தை மட்டும், இதில் விதிக்க இயலாது. இக்குறையை நீக்க 1973 இல் அதே மூவரும் மற்றொரு கட்டுரையை வெளியிட்டனர். அதில் படத்தையே ஓர் அலகாகக் கொண்டு, அதன் பக்கத்தில் ஒரு பட்டையையும் அடியில் ஒரு பட்டையையும் ஒரே விதியால் ஒட்டும் முறை புகுத்தப்பட்டது. ஒட்டப்படும் பட்டை ஓர் ஒழுங்கு மொழியிலிருந்து வரலாம். அதன் நீளத்தை ஏற்கனவே உள்ள படத்தின் அளவு முடிவு செய்யும். இதனால் நீள அகலங்கள் ஒன்றோடொன்று பிணைந்து வளரும் படங்களையும் விவரிக்க முடிந்தது.

கோலமும் இலக்கணமும்

1974 இல் இம்மூவரும் கோலங்களையே நேரடிப் பொருளாகக் கொண்ட கட்டுரையை வெளியிட்டனர். பிற்கால ஆய்வாளர்கள் இவ்வகை இலக்கணங்களைக் கோல அணி இலக்கணங்கள் என்றே வழங்கலாயினர். ஒரு தமிழ்ச் சொல் கோட்பாட்டுக் கணினியியலின் கலைச்சொல்லாக அப்படியே ஏற்கப்பட்ட அரிய நிகழ்வு இது.

மயிலாப்பூர் மாடவீதியிலும் பாலவாக்கத்துக் கடலோரத் தெருவிலும் காணும் புள்ளிக் கோலங்களுக்குப் பெண்கள் ஒரு சுருக்கக் குறிப்பைப் பயன்படுத்துவதுண்டு. 'நேர்ப்புள்ளி, ஏழு புள்ளி, ஒன்றில் முடிய' என்று ஒருவர் சொன்னால், நடுவரிசையில் ஏழு புள்ளிகளும் மேலும் கீழும் 5, 3, 1 எனக் குறைந்துவரும் வரிசைகளும் வேண்டும் என்று மற்றவர் புரிந்துகொள்வார். மொத்தம் 25 புள்ளிகள். 'ஊடுபுள்ளி, ஏழு புள்ளி, நான்கில் முடிய' எனில் ஒவ்வொரு வரிசைப் புள்ளியும் முந்தைய வரிசையின் இடைவெளிக்கு நேராக அமைந்து, 7, 6, 5, 4 என இருபுறமும் குறையும். அப்போது 37 புள்ளிகள். வார இதழ்களில் வெளிவந்த கோலப் படங்களின் அடியிலும் இத்தகைய ஒற்றை வரிக் குறிப்பே இருக்கும். சில சொற்களால் ஒரு முழுப் பரப்பை ஐயமின்றி விளைவிக்கும் இக்குறிப்பை ஒரு விதித்தொடர் என்று கொள்வதில் தவறில்லை. நடுவரிசையின் இருபுறமும் சமமாகக் குறைய வேண்டும் என்பதால், எத்தனை புள்ளியிலும் தொடங்கலாம் என்று பொதுமைப்படுத்தினால், இது ஒழுங்கு விதிகளுக்கு அடங்காது என்பதை மாணவர் தாமே நிறுவிப் பார்க்கலாம்.

சிரோமணி குழுவினர் கோலங்களை அவற்றை விளைவிக்கத் தேவைப்படும் இலக்கணத்தின் படியைக் கொண்டு வகைப்படுத்தினர். அளவு மாறாத கோலங்கள் ஒரு வகை. ஒரே அலகு பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் திரும்பத் திரும்ப வந்து, வாசலின் அகலத்துக்கேற்ப நீட்டவும் குறைக்கவும் கூடியவை ஒழுங்கு வகை. பெரிதாகப் பெரிதாகத் தம் விகிதத்தையும் நடுவையும் காக்க வேண்டியவை சூழல்சாரா வகை. கோலத்தை மங்கலச் சின்னமாகவோ நாட்டார் கலையாகவோ மட்டும் வகைப்படுத்தி வந்த நூல்களிலிருந்து இது முற்றிலும் வேறுபட்ட பார்வை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கோலங்கள் எவை, ஒன்றைக் கற்றவர் எதைக் கற்காமலேயே இட முடியும் என்பன போன்ற கேள்விகளுக்கு இது வழிவகுத்தது.

கிருஷ்ணர் கொலுசு என்னும் கோலம் இவர்களது ஆய்வுகளின் வழியாக வெளிநாட்டு ஆய்வாளர்களிடையே பெயர்பெற்றது. ஒரு சிறிய கண்ணியில் தொடங்கி, ஒவ்வொரு நிலையிலும் முந்தைய நிலையின் நான்கு படிகளைக் கொண்டு கோர்க்கப்படும் ஒரே கோடு அது. செடிகளின் வளர்ச்சியை விவரிக்க ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968 இல் உருவாக்கிய இலக்கணங்களால் இதனை மிகச் சுருக்கமாக எழுதிவிடலாம். செடிகளைக் கணினியில் வரையும் ஆய்வுகளுக்காக அறியப்படும் பிரெமிஸ்லாவ் புருசின்கிவிச்சும் தம் எழுத்துகளில் இக்கோலத்தை எடுத்தாண்டுள்ளார்.

எழுத்துகளும் சிற்பங்களும்

படத்தைச் சரமாக மாற்றும் அணுகுமுறை தமிழ் எழுத்துகளைப் படிக்கவும் பயன்பட்டது. ஆர். சந்திரசேகரன், எம். சந்திரசேகரன் ஆகியோருடன் சிரோமணி 1978 இல் வெளியிட்ட கட்டுரை, அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காணும் முறையை விவரிக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் சுழியும் ஒன்றும் கொண்ட அணியாகக் கொள்ளப்பட்டு, பின் சரமாகக் குறியேற்றப்படும். சரங்களின் அகரமுதலி ஒன்று முன்னரே ஆயத்தமாக இருக்கும். புதிதாக வரும் எழுத்தின் சரம் அதனுடன் ஒப்பிடப்பட்டு, பொருந்தினால் உரோமன் எழுத்தில் அச்சிடப்படும். தமிழ் ஒளிவழி எழுத்துணரி பற்றிய தொடக்ககால முயற்சிகளுள் இது ஒன்று. 1980 இல் அவரும் உடனாய்வாளர்களும் திருக்குறளைப் பண்டைய எழுத்து வடிவங்களில் தரும் நூலையும் வெளியிட்டனர்.

மாமல்லபுரத்தில் அவருக்கு நீண்டகால ஈடுபாடு இருந்தது. அங்குள்ள சிற்பங்களின் உடை, அணிகலன் பற்றி 1970 இல் எழுதினார். அங்குள்ள நினைவுச் சின்னங்கள் அனைத்தும் இராசசிம்மன் என்ற ஒரே பல்லவ மன்னன் காலத்தவை என்ற கருத்தைத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962 இல் முன்வைத்திருந்தார். அதையொட்டி எழுந்த விவாதத்தில் கல்லூரியின் மெய்யியல் பேராசிரியர் மைக்கேல் லாக்வுட், தாவரவியல் பேராசிரியர் பி. தயானந்தன் ஆகியோருடன் சிரோமணியும் பங்குகொண்டார். மூவரும் எழுதிய மாமல்லபுர ஆய்வுகள் என்ற ஆங்கில நூல் 1974 இல் வெளிவந்தது. சிற்பங்களின் உறுப்பு அளவுகளை எடுத்துப் புள்ளியியல் முறையால் ஒப்பிட்ட கட்டுரைகளையும் அவர் பின்னர் எழுதினார். இவற்றின் முடிவுகளைக் கலை வரலாற்றாளர் அனைவரும் ஏற்றனர் என்று கூற முடியாது. ஆயினும் நடையைக் கண்ணால் கண்டு கூறுவதோடு நில்லாமல் அளந்து காட்டவேண்டும் என்ற நிலைப்பாடு அன்றைய தமிழகத்தில் புதியது.

கம்பிக் கோலமும் வட்டச் சரமும்

1970களின் கோல இலக்கணங்கள் கணித அளவில் முழுமையானவை. ஆனால் அவை ஒரு கேள்வியைத் தொடவில்லை. கோலமிடும் பெண் அவ்விதிகளின்படியா இடுகிறார்? அணி இலக்கணம் படத்தை நிரல் நிரலாகக் கீழிறக்குகிறது. எந்தப் பெண்ணும் அவ்வாறு கோலமிடுவதில்லை. சிக்குக் கோலம் அல்லது கம்பிக் கோலம் எனப்படும் வகையில் புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கோடு, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறது. கை வழியே ஒழுகும் மாவு நிரை, நிரல் என்று பார்ப்பதில்லை.

1980களில் சிரோமணி இக்கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டார். கோலமிடுவோர் அதை எவ்வாறு நினைவில் வைக்கின்றனர், எவ்வாறு பிறருக்கு விவரிக்கின்றனர் என்பதை ஆராய்ந்தார். நேராகச் செல், வலப்புறம் திரும்பு, வலப்புறமாக வளைந்து திரும்பி வா என்பன போன்ற கை அசைவுகளாகவே அவர்கள் கோலத்தை அறிந்திருந்தனர் என்பது அவர் கண்டது. பத்தாண்டுகளுக்கு முன் தாமே வகுத்த இலக்கணம் கோலத்தின் வடிவத்தை விவரித்ததேயன்றி, கோலமிடுபவரின் அறிவை விவரிக்கவில்லை என்பது இதன் உட்பொருள். தம் பெயரால் வழங்கும் கோட்பாட்டையே இவ்வாறு கடந்து சென்றமை இவரது ஆய்வு வாழ்வின் குறிப்பிடத்தக்க கூறாகும். ஆனால் இவரைப் பற்றிய அறிமுகங்களில் பெரும்பாலும் 1974 ஆம் ஆண்டுக் கட்டுரையே முன்னிறுத்தப்படுகிறது.

அசைவுகளின் வரிசை என்பது மீண்டும் ஒரு சரமே. அதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. முற்றுப்பெற்ற கம்பிக் கோலத்தில் எந்த இடத்திலிருந்து தொடங்கினாலும் அதே கோலமே கிடைக்கும். எனவே அச்சரத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. தலையும் வாலும் இணைந்த இத்தகைய வட்டச் சரங்களுக்கான இலக்கணத்தை ரோசன்பெல்ட் வகுத்திருந்தார். அதனைக் கோலங்களுக்குப் பொருத்தி கிஃப்ட், ராணி சிரோமணி இருவரும் எழுதிய கட்டுரை 1987 இல் வெளிவந்தது. கம்பிக் கோலங்கள் பற்றிய மற்றொரு கட்டுரையும் இதன் தொடர்ச்சியாக எழுதப்பட்டது.

இம்முறையிலும் விடை காணாத பகுதி உண்டு. ஒரு புள்ளி அமைப்பை ஒரே கோட்டால் சுற்ற முடியுமா, அல்லது பல தனிக் கண்ணிகள் தேவையா என்பது அசைவுகளின் வரிசையைப் பார்த்த அளவில் தெரிவதில்லை. கோடு தன்னையே எங்கெங்கு வெட்டுகிறது என்பதைப் பரப்பில் வைத்தே பார்க்க வேண்டும். பழகிய கைக்கு இது தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்திருக்கிறது என்பதற்கு இலக்கணத்தில் விடை இல்லை.

மறைவும் பின்னரும்

கிஃப்ட் சிரோமணி அறுபது வயதை எட்டும் முன்னரே 1988 இல் காலமானார். அவர் நினைவாக, கோட்பாட்டுக் கணினியியல் பற்றிய கட்டுரைகளின் தொகுப்பு ஒன்று ஆர். நரசிம்மனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1989 இல் சிங்கப்பூரிலிருந்து வெளிவந்தது. கம்பிக் கோலங்கள் பற்றிய கட்டுரை இத்தொகுப்பிலேயே இடம்பெற்றது.

இரு பரிமாண மொழிகள் என்ற துறை 1990களில் இத்தாலிய ஆய்வாளர்களான டோரா ஜம்மரேசி, அந்தோனியோ ரெஸ்திவோ ஆகியோரால் வேறொரு திசையில் வளர்ந்தது. ஒரு படத்தின் சிறு சிறு சதுரங்களைப் பார்த்தே அது மொழியைச் சேர்ந்ததா என்று அறியும் அவர்களது முறை இன்று பரவலாக உள்ளது. ஆயினும் சிரோமணி அணி இலக்கணம் இத்துறையின் தொடக்ககால மாதிரிகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டப்படுகிறது. தாம்பரத்துக் குழுவில் வளர்ந்த கே. ஜி. சுப்பிரமணியன் முதலியோர் பட இலக்கணங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். அமெரிக்கக் கணிதவியலாளர் மார்சியா ஆஷர் 2002 இல் கோல மரபைப் பற்றி எழுதிய கட்டுரை, சென்னைக் குழுவின் பணியைக் கணினியியலுக்கு வெளியே உள்ள வாசகர்களுக்கும் கொண்டு சென்றது.

ராணி சிரோமணி 2019 இல் காலமானார். அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் சென்னைக் கணிதவியல் கழகத்துடனும் தொடர்புகொண்டிருந்தார். கிஃப்ட் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1992 இல், கே. ஜி. சுப்பிரமணியன், வி. ராஜ்குமார் தரே ஆகியோருடன் அவர் வெளியிட்ட கட்டுரையின் பொருள் வட்ட வடிவ டி.என்.ஏ மூலக்கூறுகளை வெட்டி ஒட்டுவதற்கான இலக்கணம் ஆகும். கம்பிக் கோலத்தைப் போலவே அம்மூலக்கூறின் சரத்துக்கும் தலையும் இல்லை, வாலும் இல்லை.